தீவுல வாங்குன கூலி

ஆமா அண்ணாச்சி, பாங்காக்குதான். பெட்டியில ஒட்டியிருக்க சீட்டைப் பாத்துக் கேக்கீய, என்ன? பிச்சுப் போடணும்னு நெனச்சேன். அப்புறம் இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். ஊருல எறங்கும்போது நாலு பேரு பாக்கட்டுமே. பாங்காக்குல எறங்கி, அங்கயிருந்து பஸ்ல பட்டாயா. கடற்கரை ஊரு.

நல்லபடியா சுத்திப் பாத்தீயளான்னா என்னத்தைச் சொல்ல. கொஞ்சம் இப்படி நகந்து உக்காருங்க. அவ காதுல விழ வேண்டாம். அந்தா, அந்தக் கடைசி ஜன்னல்ல, ரெண்டு பொம்பளைகளோட பேசிக்கிட்டு உக்காந்திருக்காள்ல, அவதான் எம் பொண்டாட்டி, ஜெயக்கொடி. சென்னையில ரயில் ஏறுனதுல இருந்து அங்கதான் இருக்கா. எம்பக்கத்துல எடம் சும்மாக் கிடக்கு, பாக்கீயல்ல?

எம்பேரு வேல்மயில். கோவில்பட்டி பஜார்ல பெயிண்ட் கடை. நீங்க தூத்துக்குடியா? அட, அவளுக்கும் தூத்துக்குடிதான். அவ அப்பா துறைமுகத்துப் பக்கம் மீன் கமிஷன் கடை வச்சிருந்தாவ. இப்ப அவுக இல்லை. அக்கா ஒருத்தி மட்டும் இருக்கா.

எங்களுக்கு ஒத்தப் பொண்ணு. மதியழகின்னு பேரு, பெங்களூர்ல வேலை. எங்க கல்யாணத்துக்கு வெள்ளி விழா வருதுன்னு, எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம தாய்லாந்துக்கு டிக்கெட்டு, ஹோட்டலு எல்லாத்தையும் போட்டுட்டா. 'அப்பா, அம்மாவை எங்கயாவது கூட்டிட்டுப் போங்கப்பா'ன்னா. நான் கூட்டிட்டே போகாத மாதிரி. வருசம் தவறாம திருச்செந்தூர் கூட்டிட்டுப் போறேன். போன உடனே தரிசனம், தரிசனம் முடிஞ்ச உடனே வண்டி. கடை இருக்குல்லா?

போறதுன்னு ஆனதும் எல்லா ஏற்பாடும் நான்தான் பாத்தேன். எலக்ட்ரிக் குக்கரு, அரிசி, பருப்புப் பொடி, ஊறுகாய், புளிக்காய்ச்சல். நாங்க சைவம் அண்ணாச்சி. பொறப்புல இல்லை. பத்து வருசத்துக்கு முந்தி சர்க்கரை ஏறி எங் காலுல புண்ணு. எடுக்கணும்னு சொல்லிட்டாவ. 'முருகா, காலைக் குடுத்துரு, இனிமே எங்க வீட்டுல மீனு கறி நொழையாது'ன்னு நேந்துக்கிட்டேன். கால் பொழச்சுருச்சு. அன்னையிலிருந்து வீட்டுல முட்டை கூடக் கிடையாது. ஜெயக்கொடிக்கு ஒண்ணும் கஷ்டமில்லை. மீன் சட்டியை அவளே கொண்டுபோய் கொல்லையில கவுத்தி வச்சா. ஒரு வார்த்தை மொகத்தைச் சுளிச்சது கிடையாது. அப்படி ஒரு பொம்பளை. அவளா இதைச் செஞ்சான்னுதான் எனக்கு இன்னும் வெளங்கலை.

ஹோட்டல் என்னமோ பெரிய ஹோட்டல்தான். காலையில சாப்பாட்டு ஹால்ல போயி நின்னா, கண்ணுக்கெட்டுன மட்டும் பாத்திரம். எல்லாத்துலயும் என்னத்தையோ கலந்திருக்கான். பச்சைக் காயின்னு எடுத்தா மீன் நாத்தம் அடிக்கி. ரொட்டியும் தர்பூசணியும் மட்டும் போதும்னு அவகிட்டச் சொன்னேன். ஒரு பையன் கேக்கவங்களுக்கெல்லாம் ஆம்லெட் போட்டுக் குடுத்துட்டு நின்னான். இவ அங்க போயி நின்னுட்டா. வாங்கலை, சும்மாத்தான் நின்னா. நான் போயி கையைப் புடிச்சுக் கூட்டிட்டு வந்தேன். பாவம், வாசம் கொமட்டியிருக்கும்.

மத்தியானத்துக்கும் ராத்திரிக்கும் ரூம்லயே சோறு. ப்ளக்கு பாத்ரூம் கண்ணாடிப் பக்கத்துலதான் தோதா இருந்துச்சு. அங்கயே குக்கரை வச்சு ஆக்குனா. சுத்தமா, நம்ம வீட்டுச் சோறு. நான் கட்டில்ல சாஞ்சுக்கிட்டு சாப்பிட்டேன். வெளிநாடு போயும் அவளுக்கு வீட்டை விட்டு வந்த நெனப்பே வராம பாத்துக்கிட்டேன்னு வைங்க.

அவளை எங்கயும் தனியா விடலை. தெரியாத ஊரு, பாஷை தெரியாது. அவ போனைக் கூட ஊருலயே வச்சிட்டு வரச் சொல்லிட்டேன், ரெண்டு போனு எதுக்கு? பாஸ்போர்ட் ரெண்டையும் ரூம்ல இருக்க இரும்புப் பெட்டியில வச்சு, எனக்கு மட்டும் தெரிஞ்ச நம்பரைப் போட்டுப் பூட்டுனேன். அவ கையில காசு குடுக்கலை. தொலைச்சுட்டா என்ன செய்ய? பொறுப்புன்னு ஒண்ணு இருக்குல்லா அண்ணாச்சி.

மொத நாளு சாயங்காலம் ஒரு சின்னச் சங்கடம். நம்மாளு ஓட்டல் எங்கயாவது இருக்கா, தயிர்சாதம் கிடைக்குமான்னு பாத்துட்டு வாரேன்னு நான் கெளம்பினேன். அந்த ரூமுக்குச் சாவி கிடையாது, ஒரு அட்டைதான். அதைச் செவத்துல சொருகி வச்சாத்தான் லைட்டு, ஏசி எல்லாம் ஓடும். எனக்கென்ன தெரியும்? அட்டையை உருவிப் பையில போட்டுட்டுப் போயிட்டேன். ஓட்டலைத் தேடிக் கண்டுபிடிச்சு வர நேரமாயிருச்சு. வந்து கதவைத் தொறந்தா ஒரே இருட்டு. புழுக்கம். இவ கட்டில் ஓரத்துல அப்படியே உக்காந்திருக்கா.

'ஏட்டி, கீழ வந்து யார்கிட்டயாவது சொல்ல வேண்டியதுதானே'ன்னேன்.

'லிப்டுக்கும் அந்த அட்டை வேணும்'னா.

நான் வாங்கிட்டு வந்த தயிர்சாதத்தைப் பிரிச்சு வச்சேன். சாப்பிட்டா. இதையெல்லாம் மனசுல வச்சுக்கிற ஆளு கிடையாது அவ.

மறுநா ஊரெல்லாம் காட்டுனாங்க. பெரிய புத்தர், பூந்தோட்டம், யானை. எல்லா எடத்துலயும் போட்டோ எடுத்தோம். ஜெயக்கொடி நல்லா எடுப்பா. தலை வெட்டுப்படாம எடுப்பா.

அதுக்கு அடுத்த நாள்தான் தீவு. பட்டாயாவுல இருந்து மோட்டார் போட்டுல கூட்டிட்டுப் போறான். கோரல் தீவும்பாங்க. எங்களுக்கு ஒரு கைடு. அந்த ஊருக்காரன்தான், வாயில நொழையாத பேரு, 'ராஜான்னு கூப்பிடுங்க'ன்னு அவனே சொல்லிட்டான். இந்தி கொஞ்சம் பேசுதான். எனக்கு இந்தி தெரியாது. எப்படியோ ஓடுச்சு.

கடலு அண்ணாச்சி, பொய் சொல்லக் கூடாது, கண்ணாடி. நம்ம திருச்செந்தூர்ல பாக்க கடல் இல்லை அது. அடியில கிடக்க மணல் தெரியுது. ஜெயக்கொடி செருப்பைக் கழட்டி வச்சுட்டு முழங்கால் வரைக்கும் போயிட்டா. 'மேல ஏறு, சேலை நனையுது'ன்னு கூப்பிட்டு உக்கார வச்சேன்.

அங்க ஒரு விளையாட்டு. வாழைப்பழம் மாதிரி நீளமா காத்தடைச்சு, மோட்டார் போட்டுக்குப் பின்னால கட்டி இழுத்துட்டுப் போவான். ஆறேழு பேரு வரிசையா உக்காந்து போறாவ. கைடு என்னைப் புடிச்சு இழுக்கான். சரி, வந்தது வந்தாச்சுன்னு சட்டையைக் கழட்டுனேன்.

ஜெயக்கொடி, 'நானும் வரவா?'ன்னா.

'சேலையைக் கட்டிக்கிட்டு எப்படிட்டி வருவ? பை, செருப்பெல்லாம் யாரு பாக்க? நீ இங்கயே இரு, நகராத. நான் அங்க போகும்போது நல்லா நாலு போட்டோ எடு'ன்னு போனை அவ கையில குடுத்துட்டுப் போனேன்.

தப்பாச் சொன்னேனா? சொல்லுங்க.

நான் கடலை ஒரு சுத்து சுத்திட்டு, உப்புத் தண்ணி குடிச்சு, கண்ணெல்லாம் எரிய கரைக்கு வாரேன். இவ இல்லை. போட்ட நாற்காலி காலி. பக்கத்துல உக்காந்திருந்த ஒரு வடநாட்டு அம்மா, எம் பையையும் போனையும் எடுத்து நீட்டுது. 'உங்க வீட்டம்மா குடுத்துட்டுப் போனாங்க'ன்னு கையால காட்டுது. எங்கன்னு கேட்டா, அந்தப் பக்கமாங்குது. போனைத் தொறந்து பாத்தா ஒரு போட்டோ இல்லை அண்ணாச்சி. நான் கடல்ல போனதுக்கு ஒரு போட்டோ கூடக் கிடையாது.

பாத்ரூம் போயிருப்பா, வந்துருவான்னு உக்காந்தேன். வரலை. கரையில இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். எம்மேல வெறும் அண்ட்ராயரும் துண்டும். 'ஜெயக்கொடி'ன்னு கத்துனேன். வெள்ளைக்காரனெல்லாம் திரும்பிப் பாக்கான். கடல்ல எறங்கிட்டாளோன்னு ஒரு நெனப்பு. அவளுக்கு நீச்சல் தெரியும், இருந்தாலும்.

கைடு வந்து, போட்டு கெளம்பணும், மத்தவங்க காத்துக்கிட்டு இருக்காங்கங்கான். 'வைப் மிஸ்ஸிங், வைப் மிஸ்ஸிங்'னு நான் சொன்னேன். மத்தவங்களைப் போகச் சொல்லிட்டு என்னைப் போலீஸ்கிட்டக் கூட்டிட்டுப் போனான். கரைப் பக்கமே சின்னதா ஒரு கொட்டகை. உள்ள ஒரு பொண்ணு, நம்ம மதியழகி வயசு இருக்கும், போலீஸ் உடுப்பு. மரியாதையா உக்கார வச்சுத் தண்ணி குடுத்துச்சு. அப்புறம் கேக்க ஆரம்பிச்சுச்சு.

என்ன உடுத்தியிருந்தாங்க? சேலை. என்ன கலர்? பச்சைன்னு சொன்னேன். அப்புறம் இல்ல, நீலம்னு சொன்னேன். அந்தப் பொண்ணு என்னை ஒரு பார்வை பாத்துச்சு. பொண்டாட்டி சேலை கலரை எவன் அண்ணாச்சி மனப்பாடம் பண்ணி வச்சிருக்கான்? உயரம் எவ்வளவு? எங் காது மட்டத்துக்கு இருப்பான்னு கை வச்சுக் காட்டுனேன். போன் நம்பர்? ஊருல இருக்கு. பாஸ்போர்ட்? ஹோட்டல்ல இருக்கு.

சரி, போட்டோவைக் காட்டுங்கன்னு கேட்டுச்சு.

எடுத்தேன். தள்ளுதேன், தள்ளுதேன். புத்தர் முன்னால நான். யானைகிட்ட நான். ஹோட்டல் வாசல்ல நான். பிளேன்ல நான். அந்தப் பொண்ணு எட்டிப் பாத்துக்கிட்டே இருக்கு. எல்லாம் நான்தான். ஒரு போட்டோவுல மட்டும், பூந்தோட்டத்துல, எங் காலடியில ஒரு நெழலு விழுந்திருக்கு. கையைத் தூக்கிப் போனைப் புடிச்சிருக்க நெழலு. அதைத்தான் காட்டுனேன். வேற என்ன செய்ய?

வேற வழியில்லாம மதியழகிக்குப் போனைப் போட்டேன். அவகிட்டச் சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். 'அம்மாவைக் காணோம்'னதும் அவ கத்தலை, அழலை. 'நீங்க என்னப்பா செஞ்சீங்க?'ன்னு கேட்டா. நான் என்ன செஞ்சேனாம்! ஒரு போட்டோ அனுப்புன்னேன். உடனே அனுப்புனா.

அந்தப் போலீஸ் பொண்ணு எம் போனை வாங்கிப் பாத்துட்டு, இவங்கதானேன்னு திருப்பிக் காட்டுச்சு. ஒரு பொம்பளை சுடிதார் போட்டுக்கிட்டு, தலையைப் பின்னால சாச்சு, பல்லெல்லாம் தெரிய சிரிச்சுக்கிட்டு இருக்கா. நான், 'நோ, நோ, வேற போட்டோ மாறி வந்துருச்சு'ன்னுட்டேன். அந்தப் பொண்ணு நம்பலை. திருப்பித் திருப்பிக் காட்டுது. அப்புறம் உத்துப் பாத்தா, நெத்தியில அவளுக்கு இருக்க தழும்பு. ஜெயக்கொடிதான். பெங்களூருக்குப் பொண்ணைப் பாக்கப் போனப்ப எடுத்திருக்காளுவ. எனக்குத் தெரியாது அண்ணாச்சி. வீட்டுல அவ இப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்லை. பாக்காததை எப்படிச் சொல்ல?

அந்த போட்டோவை வச்சுக்கிட்டு அந்தப் பொண்ணு கடை கடையாக் கேட்டுச்சு. படகுத்துறைக்குப் பின்னால ஒரு சந்து. ஒருத்தன் அங்கன கையைக் காட்டுனான். போனோம். தகரக் கொட்டகை போட்ட மீன் கடை. சுடச்சுடச் சுட்டும் பொரிச்சும் குடுக்கான். பின்பக்கம் நாலஞ்சு அந்த ஊருப் பொம்பளைக தரையில முக்காலி போட்டு உக்காந்து மீன் அரியுதாவ. நடுவுல எம் பொண்டாட்டி. சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு, கையில கத்தி. பக்கத்துல இருக்கவ என்னத்தையோ சொல்ல, இவ சிரிக்கா. அந்தப் போட்டோவுல சிரிச்சா பாருங்க, அதே மாதிரி. மஞ்சச் சேலை, அண்ணாச்சி. பச்சையும் இல்லை, நீலமும் இல்லை.

நிமிந்து என்னைப் பாத்தா. பட்டுன்னு வாயை மூடிக்கிட்டா. தப்புச் செஞ்சவ மொகம் அப்படித்தானே போகும்?

'என்னட்டி இது? எந்திரி'ன்னேன்.

'இந்தத் தொட்டியை முடிச்சுட்டு வாரேன்'னா.

நான் அங்கன நிக்கேன். துண்டோட நிக்கேன். கைடு நிக்கான். போலீஸ் பொண்ணு நிக்கி. இவ ஒரு மீனா எடுத்து, செதிலைச் சீவி, வயித்தைக் கீறி, கழுவிப் போட்டுக்கிட்டே இருக்கா. நல்லாத்தான் செய்யுதா, அதைச் சொல்லணும். அந்தப் பொம்பளைகளை விட வேகம்.

'இவுககிட்ட எப்படிட்டி பேசுன?'ன்னேன்.

'மீன் அரிய என்ன பேச்சு வேணும்? போயி உக்காந்தேன், கத்தியைக் குடுத்தாங்க. நம்ம ஊரு பாறை மீன்தான்'னா.

தொட்டி முடிஞ்சுது. எந்திரிப்பான்னு பாத்தா, கடைக்காரி ஒரு தட்டுல சோறும் பொரிச்ச மீனும் கொண்டாந்து வச்சா. இவ கையைக் கழுவிட்டு, எம்முன்னாடி, எங் கண்ணு முன்னாடி, முள்ளை எடுத்து எடுத்து நிதானமாச் சாப்பிட்டா. பத்து வருசம், அண்ணாச்சி. எங் காலுக்காக நேந்துக்கிட்டது. 'முருகனுக்கு என்னட்டி பதில் சொல்லுவ?'ன்னு கேட்டேன். 'நேந்தது நீங்கதானே'ன்னா. மெதுவாத்தான் சொன்னா, கோவமாச் சொல்லலை.

இதுக்கே எனக்குத் தலை சுத்துது. அப்புறம் பாத்தா, அந்தக் கடைக்காரி அவ கையில ஒரு நோட்டைத் திணிக்கா. கூலி! கோவில்பட்டி பஜார்ல மூணு மாடிக் கடைக்காரன் பொண்டாட்டி, வெளிநாட்டுக்குப் போயி மீன் அரிஞ்சு கூலி வாங்கியிருக்கா. 'திருப்பிக் குடு'ன்னேன். மடிச்சு இடுப்புல சொருகிக்கிட்டா.

நாங்க வந்த போட்டு போயிருச்சு. ஊருச் சனம் போற பெரிய படகுல திரும்புனோம். டிக்கெட்டுக்கு நான் பையைத் தொறக்கதுக்குள்ள இவ அந்த நோட்டைக் குடுத்து ரெண்டு டிக்கெட்டு வாங்கிட்டா. எனக்கும் சேத்து. படகுல உக்காந்து பட்டாயா வர்ற வரைக்கும் நான் ஏசுனேன். ஒருத்தரு பொறுமையா எவ்வளவு சொல்லணுமோ அவ்வளவு சொன்னேன். தொலைஞ்சு போயிருந்தா என்ன ஆகியிருக்கும், உனக்கு என்ன குறை வச்சேன், எல்லாம் கேட்டேன். கடலைப் பாத்துக்கிட்டே இருந்தா. கை மீன் நாத்தம் அடிக்கி. அந்தக் கையை மூக்குப் பக்கத்துலயே வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா.

ரூமுக்கு வந்ததும் இரும்புப் பெட்டி முன்னால போயி நின்னா. 'எம் பாஸ்போர்ட்டைக் குடுங்க'ன்னா. எதுக்குன்னேன். 'என்னதுதானே'ன்னா. சரி, பயந்து போயிருக்கா, சண்டை வேண்டாம்னு எடுத்துக் குடுத்தேன். கைப்பையில வச்சுக்கிட்டா. அன்னைக்குச் சோறு ஆக்கலை. கீழ ஹால்ல போயி சாப்பிட்டுக்கிறேன்னு, வரும்போதே கவுண்டர்ல கேட்டு வாங்குன இன்னொரு அட்டையை எடுத்துக்கிட்டு, எம் அட்டையைச் செவத்துலயே விட்டுட்டு, கதவைச் சாத்திட்டுப் போயிட்டா. நான் பசியோட உக்காந்திருந்தேன். குக்கர்ல எவ்வளவு தண்ணி வைக்கணும்னு எனக்கென்ன தெரியும்? புளிக்காய்ச்சலை ரொட்டியில தடவித் தின்னேன்.

மிச்ச நாளும் அப்படித்தான். வாங்கன்னு கூப்பிடவும் இல்லை, வராதீங்கன்னு சொல்லவும் இல்லை. அவ பாட்டுக்குக் கீழ போவா, எம் போனை வாங்கிட்டுப் போயி மதியழகிகிட்டப் பேசுவா, கடல்ல கால் நனைப்பா, வருவா. நான் ரூமுக்குள்ளயே கெடந்தேன். வெளிய போனா எந்தப் பக்கம் திரும்பணும்னு தெரியலை. தெரியாத ஊருல்லா. எப்படா கோவில்பட்டி வந்து சேருவோம்னு ஆயிருச்சு. கடையில போயி உக்காந்துட்டா எல்லாம் சரியாயிரும். அவளும் அடுப்படிக்குள்ள போயிட்டா பழையபடி ஆயிருவா.

நேத்து சாயங்காலம் இந்த வண்டியில ஏறுனதும் டிடிஆர் வந்தாரு. 'உங்களுக்குக் கோவில்பட்டி, அம்மாவுக்குத் தூத்துக்குடியா?'ன்னாரு. மதியழகி ரெண்டு டிக்கெட்டாப் போட்டிருக்கா, ஒண்ணு தப்பாப் போட்டுட்டா. அதைத்தான் அவர்கிட்டச் சொன்னேன். ஜெயக்கொடி, 'சரியாத்தான் இருக்கு சார்'னா. டிக்கெட்டு செல்லும்னு சொல்லுதான்னு நானும் விட்டுட்டேன்.

என்ன, வேகம் கொறையுது? நம்ம ஊருதான். ஏட்டி, ஜெயக்கொடி, ஊரு வந்துருச்சு, எந்திரி. அண்ணாச்சி, கால எடுங்க, பெட்டியை இழுத்துக்கிறேன். ஏட்டி, உன்னைத்தான்.

என்ன சொல்லுதா? கேட்டீயளா? 'நீங்க எறங்குங்க, நான் அக்கா வீட்டுக்குப் போறேன்'ங்கா.

எத்தனை நாளைக்குட்டி?

தெரியலையாம்.

கோவமாட்டி? எதுனாலும் வீட்டுல போயிப் பேசுவோம். நாலு பேரு பாக்காவ.

கோவமில்லையாம் அண்ணாச்சி. போகணும் போல இருக்காம். சிரிச்ச மொகமாத்தான் சொல்லுதா, அதான் எனக்குப் பயமா இருக்கு. சோத்துக்கு நான் என்ன செய்ய? மாத்திரையை எங்க வச்சிருக்கான்னு கூட... ஏம்ப்பா, இடிக்காதீங்க, எறங்குதேன்ல. இல்ல, நீங்க போங்க, மொதல்ல நீங்க எறங்குங்க. இந்தப் பெட்டியை... அண்ணாச்சி, இதைக் கொஞ்சம் தூக்கிக் குடுங்க. இல்ல வேண்டாம், இருக்கட்டும். இருங்க. ரெண்டு நிமிசம் நிக்கும்ல?

நகருதே. வண்டி நகருது.

சரி. உக்காந்துட்டேன். என்ன செய்யச் சொல்லுதீய? அவளை விட்டுட்டு எறங்கவும் முடியலை. தூத்துக்குடிக்கு எங்கிட்ட டிக்கெட்டு கிடையாது. அக்கா வீட்டுல என்னை வான்னு கூப்பிடுவாளான்னும் தெரியலை. பாங்காக்கு சீட்டு ஒட்டுன ரெண்டு பெட்டியோட நான் எங்க போயி நிக்க?

எந்திரிச்சு வாரா பாருங்க. இங்கதான் வாரா. சொன்னேன்ல, மனசுல வச்சுக்க மாட்டான்னு. தள்ளி உக்காருங்க அண்ணாச்சி, அவளுக்கு எடம் விடுங்க.

என்னட்டி?

...

உங்ககிட்டத்தான் கேக்கா. தூத்துக்குடியில மீன் மார்க்கெட்டு இன்னும் பழைய எடத்துலதான் இருக்கா, மாத்திட்டாங்களான்னு கேக்கா. அவ போயி ரொம்ப வருசம் ஆச்சுல்லா.

என் மூஞ்சியை எதுக்குப் பாக்கீய? எனக்கு அந்த ஊரு தெரியாது. கேட்டது அவதானே. அவகிட்டச் சொல்லுங்க.